கிணற்றடிக்குக் கேட்காமல் வந்த றெஜினா அக்கா

பங்குனி மாதத்து வெள்ளிக்கிழமை. அன்று பின்னேரம் சிலுவைப்பாதை. எந்த நிலையில் யார் வாசிப்பது என்று கோவில் பின்னறையில் இருந்து பட்டியல் எழுதிக்கொண்டிருந்தேன். ஆறாம் நிலைக்கு, தபாலக்கா என்று ஊர் கூப்பிடும் றெஜினா அக்காவின் பெயரைப் போட்டுவிட்டு, நேரத்துக்கு வந்து சேருவாரோ என்ற சந்தேகத்தில் பக்கத்தில் இன்னொருவரின் பெயரையும் சிறிதாக எழுதிவைத்தேன். பன்னிரண்டு வருடப் பழக்கத்தில் வந்த முன்னெச்சரிக்கை அது. அப்போது மதலேனம்மா வாசலில் வந்து நின்றார். குருநகரில் இருந்து இடம்பெயர்ந்து ஐந்து வருடமாக எங்கள் பங்கில் இருப்பவர். சைக்கிள் மிதித்து வந்த இளைப்பு இன்னும் அடங்கவில்லை.

"ஐயா, தபாலக்கா போயிட்டா."

"எங்கை போயிட்டா? ஒன்பது மணிக்கு இஞ்சை வரச்சொல்லியெல்லோ விட்டனான்!" என்று நான் தலை நிமிராமலே சீறினேன்.

நிமிர்ந்து பார்த்தேன். மதலேனம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. றெஜினா அக்காவைப் பற்றி நான் கடைசியாகச் சொன்ன முறைப்பாடு, அவர் இறந்து ஒரு மணித்தியாலம் கழித்துச் சொல்லப்பட்டது.

அன்று விடிய வழமைபோலப் பாறுவதி என்ற மூதாட்டியின் வீட்டுக்குப் போயிருக்கிறார். பாரிசவாதத்தில் ஒரு பக்கம் விழுந்து கிடக்கும் அந்த மனுசியைக் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, தலை இழுத்துவிட்டு, "கொஞ்சம் தலை சுத்துது, இருந்திட்டு வாறன்" என்று சொல்லி விறாந்தைச் சுவரோடு சாய்ந்தவர் எழும்பவில்லை. பாறுவதி கட்டிலில் கிடந்தபடி கூப்பிட்டுக்கொண்டே இருந்தாராம். பால் கொண்டுபோன மதலேனம்மாதான் கண்டது.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு எழுதித் தரும்படி கேட்டவர் றெஜினா அக்காவின் தங்கை மெற்றில்டா. பங்குச் சபைச் செயலாளர் என்ற முறையில் நான் எழுதவேண்டும் என்றார். கேட்கும்போதே ஒரு நிபந்தனையும் போட்டார்.

"சம்மனசு எண்டு எழுதிப்போடாதையுங்கோ. நான் இவ்வளவு காலமும் ஒரு சம்மனசோடை இருக்கேல்லை."

ஆகவே அவரை வானதூதர் ஆக்காமல் உள்ளதை எழுதுகிறேன். றெஜினா அக்காவைத் தெரிந்த நீங்கள் எல்லாரும் அவரால் ஒரு தடவையாவது எரிச்சல் பட்டிருப்பீர்கள். நான் பட்டது உங்கள் எல்லாரையும் விடக் கூட. அதைச் சொல்லாமல் அவரைப் பற்றிச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் கொழும்பில் நாங்கள் இருந்த வாடகை வீடு எரிந்தது. நான் அங்கே ஒரு திணைக்களத்தில் இலிகிதர், ஊர்ப் பேச்சில் கிளாக்கர். சில நாட்கள் அகதி முகாமில் இருந்து, பிறகு சரக்குக் கப்பல் ஒன்றில் காங்கேசன்துறைக்கு வந்திறங்கி, மனைவி திரேசாவின் சீதன வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். வலிகாமத்தில் உள்ள இந்த ஊர் எனக்குப் பெண் எடுத்த ஊர் மட்டும்தான். ஒருவரையும் சரியாகத் தெரியாது. உடுத்திருந்த உடுப்பைத் தவிர மாற்றுடுப்பும் இல்லை. வந்த மறுநாள் காலை, படலையில் ஒரு சைக்கிள் மணி கேட்டது. ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு பெண் கடதாசியில் சுற்றிய பொதியோடு நின்றார்.

"நான் இஞ்சை தபால்கந்தோரில இருக்கிறன். இது செத்துப்போன என்ரை மனுசன்ரை சேட்டுகள். பாத்தால் உம்மடை அளவு போலைதான் கிடக்கு."

"வேண்டாம் அக்கா. நாங்கள் எப்பிடியும் சமாளிச்சுக்கொள்ளுவம்" என்றேன்.

"வெட்கத்தைப் பிறகு படும், தம்பி. இப்ப சேட்டைப் போடும்."

பொதியை என் கையில் திணித்துவிட்டுச் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். எனக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. அரசாங்க உத்தியோகத்தன். அவர் என்னைத் தம்பி என்றதும், நீர் என்றதும், அளவு பார்த்ததும் எதுவுமே எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் யாழ்ப்பாணக் கந்தோருக்கு மாற்றம் கிடைத்துப் போன முதல்நாள் நான் போட்டுக்கொண்டு போனது, அகலக் கழுத்துப்பட்டி வைத்த அந்தப் பழங்காலச் சேட்டுகளில் ஒன்றைத்தான். இரண்டு வருடம் அவற்றையே மாறிமாறிப் போட்டேன். கோவிலிலும் சந்தையிலும் அவர் என்னை அந்தச் சேட்டுகளில் கண்டிருக்கிறார். ஒருநாளும் ஒரு சொல் சொன்னதில்லை. பிற்காலத்தில் எங்களுக்குள் எத்தனையோ சண்டை வந்தது, அப்போதும் அதைச் சொல்லிக்காட்டவில்லை. சொல்லிக்காட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். கோபிக்க நியாயமான ஒரு காரணமாவது கிடைத்திருக்கும்.

அவருடைய தபால்கந்தோரை நினைவிருப்பவர்களுக்கு அங்கே நின்ற வரிசையும் நினைவிருக்கும். வரிசை நீண்டதற்குக் காரணம் ஆட்கள் அல்ல, றெஜினா அக்காதான். எழுத்து வாசிப்புத் தெரியாத ஒருவருக்குக் கடிதம் வந்தால், யன்னலைச் சாத்திவிட்டு உள்ளே கதிரையில் இருத்தி, கடிதத்தை முழுதாக வாசித்துக் காட்டுவார். ஒருமுறை சொன்னால் விளங்காதவர்களுக்கு இரண்டாம் முறையும் வாசிப்பார். வெயிலில் நின்ற நான் ஒருநாள் பொறுக்கமாட்டாமல் யன்னலில் தட்டினேன்.

"அக்கா, கந்தோர் நேரத்தில உது சட்டப்படி பிழை. கடிதத்தைக் குடுக்கிறதோடை உங்கடை வேலை முடிஞ்சுது."

யன்னல் திறந்தது. "வாசிக்கத் தெரியாத ஆளிட்டைக் குடுத்தால் அது வெறுங் கடதாசி, தம்பி. கடிதம் குடுத்ததா வராது. நீர் அதிலை சும்மாதானே நிக்கிறீர்? உள்ளுக்கு வாரும். மறுமொழி எழுதவேணும். உமக்கு நல்ல கையெழுத்தெண்டு திரேசா சொன்னவ."

உள்ளே இருந்தவர் எங்கள் வீட்டுக்குப் பின்வளவுக்காரர் செல்லத்துரை. எல்லைவேலி விடயத்தில் நானும் அவரும் ஒரு வருடமாக முகம் பார்ப்பதில்லை. அந்த மனுசன் ஜேர்மனியில் இருக்கும் மகனுக்குச் சொல்ல நினைத்ததையெல்லாம், "அம்மா உன்ரை பேரைச் சொல்லிச் சொல்லித்தான் கிடக்கிறா" என்பது வரைக்கும், நான் கேட்டு எழுதவேண்டி வந்தது. எழுதி முடித்தபோது செல்லத்துரை என்னைப் பார்க்காமல், "நல்லா எழுதியிருக்கிறியள்" என்றார். வாசிக்கத் தெரியாதவர் எழுத்தைப் புகழ்ந்தது அதுதான் நான் கண்ட முதல் தடவை. அதன்பிறகு அவரோடு வேலிக்காகச் சண்டை பிடிப்பது எனக்குக் கஷ்டமாகிவிட்டது. இது அந்த மனுசி வேண்டுமென்றே செய்த வேலை என்று எனக்கு நிச்சயம். கடைசிவரை அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

ஞாயிறு பூசைக்கு அவர் நேரத்துக்கு வந்ததை நான் கண்டதில்லை. வாசகங்கள் முடிந்து சுவாமி பிரசங்கத்துக்கு எழும்பும்போது பின்கதவால் ஈரக்கையோடு வருவார். செயலாளரான பிறகு நான் அவரை மறித்துக் கேட்டேன்.

"அக்கா, ஆண்டவருக்கு வாரத்தில ஒரு மணித்தியாலம். அதுக்கும் பிந்தி வாறது சரியோ?"

"ஆண்டவர் எனக்காகக் கொஞ்சநேரம் காத்திருப்பார். பாறுவதி மூத்திரத்தில கிடந்து காத்திருக்கேலாது."

பாறுவதி சைவப் பெண். உறவென்று கிட்டத்தில் யாரும் இல்லை. குளிப்பாட்டி முடிந்ததும் றெஜினா அக்கா அவருடைய நெற்றியில் திருநீறு பூசிவிடுகிறார் என்று கேள்விப்பட்டபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் மாதா சபையின் உறுப்பினர், நற்கருணை வாங்குகிற கையால் திருநீறு பூசுவதா? சுவாமியிடம் முறையிட்டேன். சுவாமியோ, "சிங்கராயர், நீங்களும் ஒருநாள் அவவோடை போய்ப் பாத்திட்டு வாங்கோவன்" என்றார். போனேன். அங்கே றெஜினா அக்கா திருநீற்றுக் குடுவையை என்னிடம் தந்து, "இதைப் பிடியும்" என்றார். பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அவவின்ரை நெத்திக்கு அவவின்ரை திருநீறு. நான் சிலுவை போட்டுவிட்டால் அவ கையைத் தூக்கி அழிக்கவும் ஏலாமல் கிடப்பா. ஏலாமல் கிடக்கிற ஆளிட்டை அப்பிடிச் செய்யலாமே?"

வீட்டுக்கு வந்து, அது பிழை என்று சொல்லும் ஒரு வரியைக் கத்தோலிக்க மறைக்கல்விப் புத்தகம் முழுக்கத் தேடினேன், அகப்படவில்லை. அதுவும் எனக்கு எரிச்சல்தான்.

இனிக் கிணற்றுக் கதை. ஊரில் பாதிப்பேருக்கு இது தெரியும், ஆனால் பிழையாகத் தெரியும்.

தொண்ணூறாம் ஆண்டு மறுபடி சண்டை தொடங்கி, யாழ்ப்பாணக் கோட்டையைச் சுற்றிக் குண்டு விழ, கடற்கரையோரக் குருநகர்ச் சனம் பிள்ளை குட்டிகளோடு இடம்பெயர்ந்தது. ஒரு பகுதியினர் எங்கள் கோவிலுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூட மண்டபத்தில் வந்து தங்கினார்கள். செயலாளர் என்ற முறையில் பதிவு எழுதியவன் நான். அரிசி பங்கிட்டவன் நான். எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஆவணி வெயிலில் பள்ளிக்கூடக் கிணறு வற்றிச் சேறாகும் வரைக்கும்.

ஒருநாள் காலை நான் முகம் வழித்துக்கொண்டு நிற்கையில் படலையைத் தள்ளித் திறந்துகொண்டு றெஜினா அக்கா வந்தார். பின்னால் குடங்களும் வாளிகளுமாகப் பெண்கள் வரிசையாக வந்தார்கள்.

"தம்பி, உம்மடை கிணறு வத்தாத கிணறு. இவையள் அள்ளட்டும்."

கேட்கவில்லை. சொன்னார், அவ்வளவுதான். எங்கள் கிணற்றில் யார் அள்ளலாம், யார் அள்ளக்கூடாது என்பது எங்கும் எழுதிவைக்காத சட்டம். என் மாமனார் காலத்தில் இருந்தே இருப்பது. கடற்கரைச் சனத்தோடு ஒரே வாங்கில் இருந்து பூசை கண்டிருக்கிறேன், ஒரே அப்பத்தில் பங்குகொண்டிருக்கிறேன். கிணற்றுக்கயிறு மட்டும் வேறு விடயம் என்று நினைத்தேன். இப்போது இதை எழுதக் கை கூசுகிறது. ஆனால் அன்று கூசவில்லை. முகத்தில் சவர்க்கார நுரையோடு கிணற்றுக்கட்டை மறித்துக்கொண்டு நின்று, "நான் அள்ளி ஊத்திறன்" என்றேன். மறுக்கவும் இல்லை, கயிற்றைக் கொடுக்கவும் இல்லை. மரியாதையான ஒரு வழி கண்டுபிடித்துவிட்டதாக எனக்குள் ஒரு பெருமை.

றெஜினா அக்காவுக்கு நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியும். அந்தப் பெண்களுக்கும் தெரியும். ஒருவரும் முகம் மாறவில்லை. அக்கா மட்டும் வரிசையை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"விடியத் தொடங்கிப் பொழுதுபடு மட்டும் ஊத்தவேணும். இடுப்பு இருக்கே?"

"இருக்கு."

"அப்ப ஊத்தும்."

மூன்று நாள் அள்ளி ஊற்றினேன். வீம்புக்கு அள்ளினேன். மின்சாரமும் இல்லை, இயந்திரத்துக்கு மண்ணெண்ணெயும் இல்லை. கப்பியும் கயிறும் நானும்தான். உள்ளங்கை உரிந்தது. மூன்றாம் நாள் பின்னேரம் மதலேனம்மா, அப்போது எனக்குப் பெயர் தெரியாது, குடத்தை வைத்தபடி சொன்னார்: "ஐயா, எங்களுக்குக் கயிறு இழுத்துப் பழக்கம். நாங்கள் வலை இழுக்கிற ஆக்கள்." நான் கேட்காத மாதிரி அடுத்த வாளியை இறக்கினேன்.

நாலாம் நாள் பாயை விட்டு எழும்ப முடியவில்லை. இடுப்புப் பிடித்துவிட்டது. படலையில் வாளிச் சத்தம் கேட்டது. திரேசா வெளியே போகப் போனார்.

"இஞ்சை, அவையளை நிக்கச் சொல்லும். நான் எழும்பி வாறன்" என்றேன்.

திரேசா வாசல்படியில் நின்று திரும்பினார். இருபத்தெட்டு வருடக் குடும்ப வாழ்க்கையில் எனக்கு மறுத்துக் கதைக்காதவர்.

"இஞ்சாருங்கோ, கிணறு என்ரை சீதனம். உறுதியில ஆற்றை பேர் கிடக்கெண்டு பாத்திட்டு நாளைக்குக் கதையுங்கோ."

பிறகு அவர் குரல் முற்றத்தில் கேட்டது: "வாங்கோ பிள்ளையள், அள்ளுங்கோ. கயிறு அதிலை கிடக்கு."

கிணற்றடியில் கப்பி கீச்சிட்ட சத்தத்தைக் கேட்டுக்கொண்டு முகட்டைப் பார்த்தபடி கிடந்தேன். மதலேனம்மா அள்ளிய முதல் வாளித் தண்ணீரைக் கொண்டுபோய் எங்கள் குசினி வாசலில் வைத்தாராம். அந்தத் தண்ணீரில் திரேசா தேத்தண்ணி போட்டு, மதலேனம்மாவுக்கும் கொடுத்து, எனக்கும் ஒரு கோப்பை கொண்டுவந்து தலைமாட்டில் வைத்தார். குடிக்காமல் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு கிடந்தேன். ஆறிப்போகும் என்று திரேசா சொன்னார். குடித்தேன்.

அன்று பின்னேரம் றெஜினா அக்கா வைத்தியரின் எண்ணெய்ப் போத்தலோடு வந்தார். "எல்லாம் உங்களாலைதான்" என்று கத்தினேன்.

"மூண்டு நாள் அள்ளினீரே, அதுக்கு ஆண்டவருக்கு நன்றி. நாலாம் நாள் அள்ளேலாமல் போனதுக்கு அதைவிடப் பெரிய நன்றி. மற்றப் பக்கம் திரும்பும், எண்ணெய் பூசவேணும்."

கதை இதோடு முடிந்திருந்தால் இந்தக் கட்டுரையை நான் சிரித்துக்கொண்டு எழுதியிருப்பேன்.

அப்போது எங்கள் மகள் செல்வராணிக்கு வடமராட்சிப் பக்கத்தில் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில் கலியாணம் பேசி, பதிவு எழுத்துக்கு நாள் பார்க்கும் அளவுக்கு வந்திருந்தது. கிணற்றுச் செய்தி எப்படியோ அங்கே போய்விட்டது. முதலில் என் சொந்த அண்ணை எங்கள் வீட்டில் தண்ணீர் குடிப்பதை விட்டார். பிறகு மாப்பிள்ளை வீட்டிலிருந்து இரண்டு வரியில் கடிதம் வந்தது: இப்போதைக்கு யோசனை இல்லை. அந்தக் கடிதத்தை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து தந்தது வேறு யாரும் அல்ல, றெஜினா அக்காதான். அவர் கையாலேயே வாங்கினேன். அவர் முன்னாலேயே பிரித்து வாசித்தேன்.

"உங்கடை பிறரன்பாலை என்ரை பிள்ளையின்ரை வாழ்க்கை போச்சு. உங்களுக்குப் பிள்ளையில்லை. அதுதான் ஊரெல்லாம் தாராளமா நேசிக்கிறியள்" என்றேன்.

சைக்கிள் கைபிடியைப் பிடித்தபடி நின்றார். "அதுக்கு என்னட்டை மறுமொழி இல்லை, தம்பி" என்றார். போய்விட்டார்.

மறுநாள் என்ன செய்தார் தெரியுமா? எங்களிடம் ஒரு சொல் சொல்லாமல், மேலே ஹெலி சுற்றுகிற நேரத்தில், பதினைந்து மைல்கட்டைக்கு மேல் சைக்கிள் மிதித்து மாப்பிள்ளை வீட்டுக்குப் போயிருக்கிறார். சமாதானம் பேசப் போனவர், அங்கே மாப்பிள்ளையின் தாயார் ஏதோ சொல்ல, "நீங்கள் ஏன் கோவிலுக்குப் போறியள்? வெயிலுக்கு ஒதுங்கவோ?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டார். கொஞ்சநஞ்சம் இருந்த நம்பிக்கையும் அதோடு சரி. அன்பு செய்யத் தெரிந்த அந்த மனுசிக்கு வாயைக் கட்டத் தெரியாது. நல்ல காரியம் என்று நினைத்துவிட்டால் அடுத்தவரின் வாழ்க்கைக்குள் கேட்காமல் காலை வைப்பார். வைத்தது பிழைத்துப் போனால் அந்தப் பிழையைத் திருத்த இன்னொரு காலையும் வைப்பார். இதை நான் அவர் உயிரோடு இருக்கும்போதும் சொல்லியிருக்கிறேன், இப்போதும் சொல்கிறேன்.

செல்வராணி அழவில்லை. "தண்ணி அள்ளினதுக்காக வராத மாப்பிள்ளை வராமலே இருக்கட்டும் அப்பா" என்றாள். நல்ல வசனம்தான். ஆனால் அவளுக்கு இன்று முப்பத்திரண்டு வயது. சங்கானையில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள். இன்னும் ஒன்றும் பொருந்தி வரவில்லை. ஆகவே என் கோபம் முழுதாக ஆறிவிட்டது என்று எழுதினால் அது பொய்.

இரண்டு மாதம் நான் அவரோடு கதைக்கவில்லை. ஒரு மத்தியானம் பங்குப் பதிவேட்டை எடுக்கக் கோவிலுக்குப் போனேன். ஆளில்லாத கோவிலில் யாரோ உரத்துக் கதைப்பது கேட்டது. நற்கருணைப் பேழைக்கு முன்னால் றெஜினா அக்கா முழங்காலில் நின்றார். செபம் என்று சொல்வதற்கில்லை. சண்டை.

"நீர் சொன்னதைத்தானே செய்தனான். அயலை நேசிக்கச் சொன்னது நீர்தானே? ஆனால் அடி விழுந்தது ஆருக்கு? அந்தப் பிள்ளைக்கு. என்னை அடிச்சிருக்கலாம். எனக்கென்ன, நான் ஒரு தனிக்கட்டை. பேசாமல் இருக்காதையும். இதுக்கு ஒரு வழி செய்யும். நான் நாளைக்கும் வருவன்."

எனக்கும் ஆண்டவருக்கும் அவர் போட்டது ஒரே "நீர்" தான். இருவரையும் ஒரே மாதிரித்தான் ஏசினார். நான் தூணுக்குப் பின்னால் நின்றேன். ஆண்டவரை வாரத்துக்கு ஒரு மணித்தியாலம் ஒழுங்காக, நேரந்தவறாமல் போய்ப் பார்க்கிற நான், அவரோடு ஒருநாளாவது இப்படிக் கதைத்திருக்கிறேனா என்று யோசித்தேன். இப்படிக் கதைக்க வேண்டுமென்றால் அவர் அங்கே இருக்கிறார் என்று முழுதாக நம்பவேண்டும். வெளியே வந்து படிக்கட்டில் இருந்தேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார். என்னைக் கண்டு திடுக்கிட்டார்.

"கேட்டனீரோ?"

"இல்லை" என்றேன். "சைக்கிள் முன் ரயர் காத்துப் போயிருக்கு. தாருங்கோ, நான் அடிச்சுத் தாறன்."

அதுதான் எங்கள் சமாதானம். இருவரும் மன்னிப்புக் கேட்கவில்லை.

அவர் எல்லாரையும் நேசித்தார் என்று செத்தவீட்டில் பலர் சொன்னார்கள். மெற்றில்டா அதைக் கேட்டு ஒரு மாதிரிச் சிரித்தார். தன் தங்கையின் பாயை அவளைக் கேட்காமலே எடுத்து இரவல் கொடுத்தவர் அவர். தங்கைக்கு வைத்த சோற்றை வாசலில் வந்தவருக்குப் போட்டவர். வெளியே முழுப் பொறுமையையும் கொட்டிவிட்டு வீட்டுக்குள் வெறும் ஏச்சோடு வந்தவர். இது அவருக்கும் தெரியும். ஒருமுறை தானாகவே என்னிடம் சொன்னார்: "அயலை நேசிக்கிறது லேசு, தம்பி. பின்னேரம் வீட்டை போயிடலாம். வீட்டுக்குள்ளை இருக்கிறதை நேசிக்கிறதுதான் எனக்கு வருகுதில்லை. ஒவ்வொரு பாவசங்கீர்த்தனத்திலும் உதைத்தான் சொல்லுறன். சுவாமிக்கும் அலுத்துப்போச்சு."

அடக்கம் முடிந்து சேமக்காலையில் இருந்து திரும்பியபோது மெற்றில்டா என்னை வீட்டுக்குள் கூப்பிட்டு ஒரு போத்தலைக் காட்டினார். உள்ளே இரத்த அழுத்தத்துக்குப் போடும் பிறசர் குளிசைகள், பாதிபாதியாக உடைத்தபடி.

"ஒரு பாதி தனக்கு. மற்றப் பாதி பாறுவதிக்கு. எட்டு மாசமா. மருந்து வருகுதில்லை, என்ன செய்யிறதெண்டு பாறுவதியிட்டைக் கேட்டாவாம். எனக்கும் இண்டைக்குத்தான் பாறுவதி சொல்லித் தெரியும்."

முழுக் குளிசை போட்டிருந்தால் பிழைத்திருப்பாரா என்று பிறகு வைத்தியரிடம் கேட்டேன். சொல்லமுடியாது என்றார். அன்று எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. தன்னைப்போலப் பிறரை நேசி என்பதுதானே கட்டளை? தன்னை விட்டுவிட்டு என்று யார் சொன்னது? அந்தப் போத்தலைப் பிடித்துக்கொண்டு அவர் இல்லாத வீட்டுக்குள் நின்று, "உங்களுக்கு ஆர் உரிமை தந்தது, அக்கா?" என்று சத்தமாகவே கேட்டேன். மெற்றில்டா முதல்முறையாக அழத் தொடங்கினார். நான் பக்கத்தில் இருந்தேன். வேறு செய்ய ஒன்றும் இருக்கவில்லை.

இப்போது மூன்று கிழமை ஆகிறது. மதலேனம்மாவும் திரேசாவும் மாறிமாறிப் பாறுவதியைப் பார்க்கிறார்கள். செல்வராணி சனி, ஞாயிறுகளில் போகிறாள். போன புதன்கிழமை காலை, நான் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கையில் படலையில் ஒரு கிழவர் வந்து நின்றார். தெல்லிப்பழைப் பக்கத்தில் இருந்து இடம்பெயர்ந்தவர், நான் முன்பின் கண்டதில்லை. பேத்திக்குக் கடும் காய்ச்சலாம், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஒருவரும் இல்லையாம்.

"என்னட்டை ஏன் வந்தனீங்கள்? நான் வைத்தியரோ? ஆர் உங்களை இஞ்சை அனுப்பினது?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே கடுமையாகக் கேட்டது.

கிழவர் பயப்படவில்லை. ஆறுதலாகச் சொன்னார்.

"தபாலக்கா முந்தியே சொல்லி வச்சவ. நான் இல்லாத நேரம் ஏதும் தேவையெண்டால் கிளாக்கர் ஐயாவிட்டைப் போங்கோ எண்டு. அவர் முதலிலை ஏசுவார், பயப்பிடாதையுங்கோ, பிறகு செய்வார் எண்டவ."

யார் யாரிடம் எல்லாம் இப்படிச் சொல்லி வைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகும் இரண்டுபேர் வந்துவிட்டார்கள். அவருடைய செபமாலையை மெற்றில்டா வைத்திருக்கிறார். சைக்கிள் மதலேனம்மாவிடம் இருக்கிறது. எனக்கென்று அவர் விட்டுப்போனது இந்த ஆட்களைத்தான். என்னைப் பற்றி, என்னைக் கேட்காமல், அவர் ஊருக்குக் கொடுத்த அந்த நற்சான்றிதழையும்தான்.

அன்று கிழவரை இன்னும் கொஞ்சம் ஏசினேன். காய்ச்சல் தொடங்கியவுடனேயே ஏன் வரவில்லை என்று கேட்டேன். பிறகு உள்ளே போய்ச் சேட்டைப் போட்டுக்கொண்டு, சைக்கிளை எடுத்தேன்.